இடையில் நின்றாலும் கெடாத தையல்

நீண்ட சிகிச்சையில் இருப்பவருக்குத் தம் கையாலேயே ஒரு மெத்தைப் போர்வை தைத்துத்தர உடனிருப்போர் விரும்புவதுண்டு. மருந்து வேளையும் பரிசோதனை நாளும் குறுக்கிட, அவ்வேலை பாதியில் நின்றுவிடும். அத்தகையோருக்கு ஏற்றது ‘ஃப்ரீ மோஷன் குவில்டிங்’ முறையின் நெளிகோட்டு வடிவம். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாமல் வளைந்து வளைந்து செல்லும் இக்கோட்டை எங்கும் நிறுத்தலாம். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.

மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் சுருக்கமின்றி அடுக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் பற்களைத் தாழ்த்தி, எம்பிராய்டரிக்குரிய பாதத்தைப் பொருத்துங்கள். பாதத்தை இறக்கிய பின்னரே தையுங்கள். இல்லையெனில் துணிக்கு அடியில் நூல் சிக்கிக்கொள்ளும். இனித் துணியை நகர்த்துவன உங்கள் கைகளே. கை விரைந்தால் தையல் நீளும். இயந்திரம் விரைந்தால் நெருங்கும்.

முதலில் பென்சிலை எடுக்காமல் தாளில் வரைந்து பழகுங்கள். பின்னர்ப் போர்வையின் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தையுங்கள். சற்றே ஓய்வெடுக்கையில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கட்டும். வேலையை ஒத்திவைப்பதாயின், சில நுண்தையல்கள் இட்டு நூலை வெட்டுங்கள்.

முடிந்ததும் ஊக்குகளை எண்ணி எடுத்து, போர்வையைத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். வார்டுக்குக் கொண்டுவருமுன் செவிலியரிடம் கேளுங்கள். தொற்றுக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்க்கு வெளித்துணி ஏற்கப்படாமல் போகலாம். அப்போதும் உங்கள் உழைப்பு வீணாகாது; அவர் வீடு திரும்பும் நாளுக்காக அப்போர்வை காத்திருக்கும்.