ஒரு குளம், பல படகுகள்

ஒரே வாய்க்காலில் இரு வயற்காரர் ஒரே வேளையில் தண்ணீர் திருப்பினால் என்ன நேரும் என்பதை வன்னி வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மண்வெட்டி ஓங்கும் வரை செல்லும் அவ்வழக்கைத் தவிர்க்கவே நம் முன்னோர் முறை வகுத்து, அம்முறையைக் காக்க வட்டவிதானை என்றொருவரையும் வைத்தனர். கண்ணுக்குப் புலனாகாத வானலைக்கும் இத்தகைய முறை வேண்டும் என்பதை, எங்கள் ஊர்க் குளத்தில் சிறுவர் இருவர் ஓட்டிய வானொலிப் படகுகள் எனக்கு உணர்த்தின.

ஒரே அச்சில் வார்த்த விளையாட்டுப் படகுகள் அவை. அண்ணன் தன் கருவியின் பிடியை வலப்புறம் திருப்ப, தம்பியின் படகும் வலப்புறம் திரும்பிற்று. இரண்டு கட்டளைகளுக்கு நடுவே அகப்பட்ட அப்படகு நடுங்கி நடுங்கிச் சென்று தாமரைக் கொடிகளுட் சிக்கியது. படகு போனாற் போகட்டும். அதை எடுக்கத் தம்பி நீரில் இறங்க முற்பட்டதே என்னைத் திடுக்கிடச் செய்தது. முதலை கிடக்கும் குளம் அது! குளக்கட்டில் நின்ற ஒருவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிழை சிறுவரிடம் இல்லை. இத்தகைய எளிய படகுகள் பலவும் 27 மெகாஹேட்ஸ் என்னும் அலைவரிசையை அண்டியே இயங்குகின்றன. அப்பரப்பை ஆறு கூறாக்கிக் கபிலம், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என நிறப் பெயர் இட்டிருக்கிறார்கள். கருவியினுள் இருக்கும் சிறு பளிங்குத் துண்டே எந்த நிறம் என்பதைத் தீர்மானிக்கும். இரு கருவிகள் ஒரே நிறத்தில் ஒலித்தால், எது தன் எசமானின் குரல் என்பதைப் படகு அறியாது. ஆகவே இரண்டு படகு வாங்குவோர், ஒரு பெட்டியில் 27 என்றும் மற்றதில் 40 அல்லது 49 என்றும் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குதல் நன்று.

மேலைநாட்டுப் படகுக் கழகங்களில் இதற்கு ஓர் அழகிய வழக்கம் தோன்றியது. உடுப்புக் காயப்போடும் கிளிப் போன்ற கவ்விகள், நிறத்துக்கு ஒன்றாக, கரையில் ஒரு பலகையில் இருக்கும். தன் நிறக் கவ்வியை எடுத்துக் கருவியில் மாட்டாதவர் விசையைத் தொடலாகாது. நம் வட்டவிதானையின் வேலையை அங்கே ஒரு கவ்வி செய்தது என்க.

இத்தொல்லையை முதலில் முன்னுணர்ந்தவர் படகை முதலில் ஓட்டியவரேயாவர். நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயோர்க் நகரில், தொட்டி நீரில் ஓர் இரும்புப் படகைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டினார். பிறர் அலை குறுக்கிடாதிருக்க, இரண்டு அலைகள் ஒருங்கே வந்தால் மட்டும் கருவி பணியும் முறைக்கு 1903 இல் காப்புரிமையும் பெற்றார். இரண்டு திறப்புகள் வேண்டும் பூட்டைப் போன்றது அது. பின்னர் 1942 இல் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜோர்ஜ் அந்தைலும், டோர்ப்பிடோவை வழிநடத்தும் அலை ஓரிடத்தில் நில்லாது 88 அலைவரிசைகளில் தாவிச் செல்லும் வழிக்குக் காப்புரிமை பெற்றனர். பியானோவின் கட்டைகளும் 88 அன்றோ! அப்போரில் அமெரிக்கக் கடற்படை அதனைக் கையாளவில்லை.

நம் நாட்டுப் போர்க்காலத்திலோ, 1990களில், வன்னிக்குள் பற்றரி வரத் தடையிருந்தது. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாம். இப்படகுகள் அன்று நம் பிள்ளைகளின் கனவிலும் மிதந்திரா.

இன்று 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் பரவிவிட்டன. அவற்றிற் பல அலைவிட்டு அலை தாவுவன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை ஒருமுறை மனத்திற் கொண்ட படகு வேறெவர் குரலுக்கும் செவிசாய்க்காது. பத்துப் படகுகளை ஒருங்கே ஓட்டினாலும் கலகமில்லை. ஆயினும் ஒரு குறை: இவ்வலையை நீர் விழுங்கிவிடும். படகினுள் அலைவாங்கியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். நனைந்த தாமரை இலைகளின் பின்னே படகு மறைந்தாலும் தொடர்பு தளரும். அதனால், முழுதும் நீருள் மூழ்கிச் செல்லும் மாதிரி நீர்மூழ்கிகளைச் செலுத்துவோர் பழைய தாழ்ந்த அலைவரிசைகளையே இன்றும் நாடுகின்றனர். அவர்கள் பலர் கூடுமிடத்தில் அந்தக் கவ்வி இன்னும் வேண்டியிருக்கிறது.