டிரிக்கரை விட்ட பிறகு பம்புக்குள் என்ன நடக்கிறது?

பிரஷர் வாஷரில் வண்டியின் ஒரு பக்கத்தைக் கழுவி முடிக்கிறோம். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஷாம்பு கலக்கப் போகிறோம். பெட்ரோல் இன்ஜின் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வெளியே வராததால் பம்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பம்ப் அதிகம் பாடுபடுவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

பம்பின் தலைப்பகுதியில் பொதுவாக மூன்று பிளஞ்சர்கள் இருக்கும். தரமான பம்புகளில் அவை வழவழப்பான செராமிக்கால் ஆனவை. ஒன்று தண்ணீரை உள்ளே இழுக்கும்போது இன்னொன்று வெளியே தள்ளும். நடுத்தரமான ஓர் இயந்திரம் நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 150 பார் அழுத்தத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கார் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார்தான். இந்த அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுவதற்கு மட்டுமே 2,500 வாட் திறன் வேண்டும்.

டிரிக்கரை விட்டதும் தண்ணீர் போகும் வழி அடைபடுகிறது. இன்ஜின் சுற்றுவதால் பிளஞ்சர்கள் நிற்பதில்லை. தண்ணீரோ அமுக்கினால் சுருங்குகிற பொருள் இல்லை. வேறு வழி இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும், அல்லது பம்பின் தலையே பிளக்கும். அதைத் தடுப்பதற்காக வைத்திருப்பதுதான் அன்லோடர் வால்வு. வெளிவழி அடைபட்டதும் இது திறந்து, தண்ணீரைப் பம்பின் நுழைவாய்க்கே திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுற்றுவழிக்கு பைபாஸ் என்று பெயர். அழுத்தம் பெருமளவு குறைந்துவிடுவதால் வெடிக்கும் ஆபத்து நீங்குகிறது. ஆனால் சிக்கிக்கொண்ட அதே தண்ணீர் குறுகிய துளைகளின் வழியே திரும்பத் திரும்பச் சுற்றத் தொடங்குகிறது.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840-களில் செய்து காட்டிய பரிசோதனை இங்கே நினைவுக்கு வர வேண்டும். மூடிய பாத்திரத்துத் தண்ணீரைத் துடுப்புகளால் கலக்கி, அந்த உழைப்பு முழுவதும் வெப்பமாக மாறுவதை அவர் அளந்தார். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் ஆற்றல் வேண்டும் என்று இன்று நாம் சொல்வதற்கு அடித்தளம் அந்த ஆய்வுதான். பைபாஸில் ஓடும் பம்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. துடுப்புக்குப் பதில் பிளஞ்சர். பாத்திரமோ மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். பம்பின் தலையிலும் பைபாஸ் வழியிலுமாக அரை லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். முன்பு சொன்ன 2,500 வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 500 வாட் மட்டுமே வெப்பமாக அதில் சேரட்டும். ஒவ்வொரு நான்கு விநாடிக்கும் ஒரு டிகிரி ஏறும். 30 டிகிரியில் இருந்த தண்ணீர் இரண்டே நிமிடத்தில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். பைபாஸில் சில நிமிடங்களுக்கு மேல் ஓட விடாதீர்கள் என்று இயந்திரத்தோடு வரும் கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான்.

சூடேறினால் என்ன கெடும்? முதலில் அடி வாங்குவது ரப்பர் சீல்கள். பிளஞ்சரைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் இருக்கும் வரை அவை வழுக்கிக்கொண்டு வேலை செய்யும். சூட்டில் இறுகி, வடிவம் கெட்டு, கசியத் தொடங்கும். அடுத்தது நீராவிக் குமிழிகள். 30 டிகிரியைவிட 60 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. பிளஞ்சர் பின்வாங்கி உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் குமிழிகள் தோன்றும். அவை அழுத்தத்தில் நொறுங்கும்போது உலோகப் பரப்பே அரிபடும். மூன்றாவது ஆபத்து, நாம் திரும்பி வந்து டிரிக்கரை அழுத்தும் கணத்தில் வருகிறது. சூடேறிய செராமிக் மேல் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் அது விரிசல் விடக்கூடும். பம்பின் எண்ணெய்க் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பால் நிறத்துக்கு மாறியிருந்தால், சீல்களைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது என்று பொருள்.

பம்புக்குச் சூடு ஆகாது என்பதால், வெந்நீர் பிரஷர் வாஷர்களிலும் தண்ணீரைச் சூடாக்கும் சுருள் பொதுவாகப் பம்பைத் தாண்டிய பிறகே வைக்கப்படுகிறது. பம்ப் கையாளுவது குளிர்ந்த தண்ணீரையே.

பைபாஸ் சூட்டுக்கான தீர்வு நம் ஊர் வயல்களில் ஏற்கெனவே இருக்கிறது. மருந்தடிக்கும் ஹெச்டிபி பவர் ஸ்பிரேயரிலும் மூன்று பிஸ்டன்கள்தான். அதில் மிச்சத் தண்ணீர் பம்பின் வாய்க்குத் திரும்புவதில்லை. ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டிரம்முக்கே போகிறது. அது மருந்தைக் கலக்கிவிடுகிறது, கூடவே வெப்பத்தையும் கொண்டுபோய் டிரம்மில் கரைக்கிறது. எங்கும் தூக்கிச் செல்ல வசதியாகச் சிறிதாக அமைந்த பிரஷர் வாஷரில் அந்த டிரம் இல்லை.

ஆகவே சிறந்த மாற்றம், அந்த டிரம்மை இங்கேயும் கொண்டுவருவதுதான். அன்லோடரின் பைபாஸ் வாய் தனியாக இருந்தால், அங்கிருந்து ஒரு ஹோஸை 200 லிட்டர் டேங்குக்குக் கொண்டுபோகலாம். அதே 500 வாட் வெப்பம் இப்போது 200 லிட்டரில் சேர்கிறது. ஒரு டிகிரி ஏறவே கிட்டத்தட்ட அரை மணி நேரமாகும். திரும்பும் ஹோஸின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். பம்ப் உறிஞ்சும் இடத்திலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றுக் குமிழிகளைப் பம்ப் இழுத்துக்கொள்ளும். இந்த ஹோஸில் எந்தக் காரணத்துக்காகவும் அடைப்பு வால்வு போடக் கூடாது.

டேங்க் வைக்க இடமில்லாதவர்களுக்குத் தெர்மல் ரிலீஃப் வால்வு உண்டு. பம்பின் நுழைவாய்ப் பக்கம் பொருத்தும் சின்னப் பித்தளை வால்வு இது. கார் தெர்மோஸ்டாட்டில் இருப்பது போன்ற மெழுகுதான் பெரும்பாலும் இதற்குள்ளும் இருக்கும். ஏறத்தாழ 60 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். சூடான தண்ணீர் வெளியே கொட்டும், குழாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வந்துகொண்டிருந்தால்தான் இது பயன்படும். பம்பே உறிஞ்சி எடுக்கும் அமைப்பில் இதை நம்ப முடியாது. மேலும், திறக்கும்போதெல்லாம் தண்ணீர் வீணாகும். கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊருக்கு டேங்க் முறையே ஏற்றது.

மோட்டாரில் ஓடும் பல வீட்டு உபயோக இயந்திரங்களில், டிரிக்கரை விட்டதும் மோட்டாரே நின்றுவிடும். பெட்ரோல் இயந்திரத்தில், பைபாஸுக்குப் போனதும் இன்ஜின் வேகத்தைக் குறைக்கும் த்ராட்டில் இணைப்பைச் சேர்க்கலாம். அது வெப்பத்தைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

இந்த வேலைகளில் ஒரு எல்லையை மட்டும் மீறவே கூடாது. அழுத்தம் கூடட்டும் என்று அன்லோடரின் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்குவதும், பைபாஸை அடைப்பதும் உயிரோடு விளையாடுவது. எந்த இணைப்பைக் கழற்றுவதற்கு முன்பும் இன்ஜினை நிறுத்தி, தண்ணீரை அடைத்து, டிரிக்கரை அழுத்தி, சிக்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். இந்த நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு துளையாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடலாம்.

வாங்கும்போது எத்தனை பார் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பைபாஸ் தண்ணீர் எங்கே போகிறது, தெர்மல் ரிலீஃப் வால்வு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் செய்கிறவர்களும் இதைச் சேர்த்து விற்பார்கள். அதுவரை, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேலையில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு அதுதான்.