எதிரணி இல்லாத திருவிழா ஏது?

2024 செப்டம்பர் 28. ஆலப்புழை புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டியின் இறுதிச் சுற்று. காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லையைக் கடந்தது. வீயபுரம் சுண்டனுக்கு ஆன நேரம் 4 நிமிடம் 29.790 விநாடி. ஒரு விநாடியை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் வித்தியாசம். கரையில் நின்றவர்கள் யாராலும் வென்றது யார் என்று சொல்லியிருக்க முடியாது. காரிச்சாலுக்கு அது 16ஆவது கோப்பை. வீயபுரம் தரப்பு முடிவை எதிர்த்துப் புகார் கொடுத்தது. குட்டநாட்டுத் தேநீர்க் கடைகளுக்குப் பேச்சுப் பொருள் கிடைத்துவிட்டது.

சுண்டன் வள்ளம் ஒன்று நூறு அடிக்கும் மேல் நீளம். நூறு பேர் அளவுக்கு அதில் அமர்ந்து துடுப்புப் போடுவார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், பெரும்பாலான படகுகள் ஊரின் பெயரையே தாங்கி நிற்பவை. 1952 டிசம்பரில் பிரதமர் நேரு குட்டநாட்டுக்கு வந்தபோது அவருக்காக ஒரு படகுப் போட்டி நடத்தினார்கள். நடுபாகம் சுண்டன் வென்றது. நேரு காவலர்களைப் பொருட்படுத்தாமல் அந்தப் படகில் ஏறிக்கொண்டார். டெல்லி திரும்பியதும் சுண்டன் வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பையைத் தன் கையெழுத்தோடு அனுப்பிவைத்தார். இன்றும் ஊர்கள் மோதிக்கொள்வது அந்தக் கோப்பைக்காகத்தான்.

மலையாளிகளின் திருவிழா என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவுக்கு வருவது அத்தப்பூக்களமும் ஓணசத்யையும் கசவு முண்டும். அவை வீட்டுக்குள் நடக்கும் விழா. தெருவுக்கும் வயலுக்கும் ஆற்றுக்கும் வரும் விழாக்களின் கதை வேறு. அங்கே ஊர் இரண்டாகவோ பத்தாகவோ பிரிந்து நிற்கும். தெற்கே அந்தப் பிரிவுக்குக் கர என்று பெயர், வடக்கே தேசம். பக்கத்துக் கரக்காரனை விட நம் பங்கு ஒரு படி மேலே இருக்க வேண்டும் என்ற வைராக்கியம்தான் பணத்தையும் திறமையையும் இளைஞர் கூட்டத்தையும் திருவிழாவுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

மாவேலிக்கரைக்கு அருகே செட்டிகுளங்கரை பகவதி கோயிலில் கும்ப பரணி நாளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கோயிலுக்கு 13 கரகள். ஒவ்வொன்றும் கெட்டுக்காழ்ச்சை எனப்படும் ஒரு பெரிய உருவத்தைச் செய்து கொண்டுவர வேண்டும். சில கரகளுக்குத் தேர், சிலவற்றுக்குக் குதிரை. மற்றம் வடக்கு கர பீமனைச் செய்யும், மற்றம் தெற்கு கர அனுமனையும் பாஞ்சாலியையும் செய்யும். சிவராத்திரியன்று வேலை தொடங்கும். மரச்சட்டம் கட்டி, துணி போர்த்தி, பனைமர உயரத்துக்கு எழுப்பி, தோளிலும் கயிற்றிலுமாக வயல் வழியே இழுத்து வருவார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே தினமும் கஞ்சி, முதிரைப் புழுக்கு. தரையில் வரிசையாக உட்கார்ந்து குடிக்கும் அந்தக் குதிரைமூட்டில் கஞ்சிக்கென்றே வருகிறவர்கள் உண்டு.

கை கலக்கும் விழாக்களும் இருக்கின்றன. பாலக்காட்டுப் பல்லசனையில் ஓணத்தன்று ஊர் இரண்டு அணியாகி ஓணத்தல்லு நடத்தும். உள்ளங்கையால் அறையலாம், முட்டியை மடக்கிக் குத்துவதற்கும் காலால் உதைப்பதற்கும் இடமில்லை. கொல்லம் மாவட்டம் ஓச்சிறையில் மிதுன மாதத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கம்போடு சேற்று வயலில் இறங்கி மோதுவது ஓச்சிறக்களி. காயங்குளத்துக்கும் வேணாட்டுக்கும் நடந்த பழைய போர்களின் நினைவாக நடப்பது அது என்பார்கள்.

ஓணத்துக்கும் சண்டைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மாயோனுக்குரிய ஓணநாளில் மதுரை நகரத்து மறவர் சேரிகள் ஒன்றோடொன்று பொருததைச் சொல்கிறது. யானைகளை ஓடவிட்டுப் பார்த்ததும் அதே பகுதியில் வருகிறது. பாண்டியன் தலைநகரில் மறைந்துபோன அந்த ஓண மோதலுக்குப் பல்லசனையில் இன்னும் உயிர் இருக்கிறது.

எதிரணி வைத்து விழா கொண்டாடுவதில் திருச்சூர் பூரத்தை மிஞ்ச ஆளில்லை. அதன் பிறப்பே ஒரு கோபத்தில்தான் என்பது ஊரில் வழங்கும் கதை. திருச்சூர்க் கோயில்கள் முன்பெல்லாம் ஆறாட்டுப்புழை பூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருமுறை கனமழையில் தாமதமாகிவிட, அங்கே சேர்க்க மறுத்துவிட்டார்கள். முறையிட்டவர்களிடம் கொச்சி மன்னர் சக்தன் தம்புரான், நமக்கு நாமே பூரம் வைத்துக்கொள்வோம் என்றார். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் அவை. வடக்குநாதன் கோயிலைச் சுற்றியிருந்த தேக்கங்காட்டை வெட்டி மைதானமாக்கியவரும் அவரே. பத்துக் கோயில்களைச் சேர்த்தார். மேற்குப் பக்கத்துக்குத் திருவம்பாடி, கிழக்குப் பக்கத்துக்குப் பாறமேக்காவு என்று இரண்டு தலைமைகளை வைத்தார். மற்ற எட்டும் சிறு பூரங்கள்.

மேட மாதத்துப் பூர நாளில் விடியும்போது கணிமங்கலம் சாஸ்தா முதலில் வருவார். பகலில் திருவம்பாடியின் மடத்தில் வரவு: திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு சேர்ந்த பஞ்சவாத்தியம். பிற்பகலில் வடக்குநாதன் மதிலுக்குள் மகிழ மரத்தடியில் பாறமேக்காவின் இலஞ்சித்தறை மேளம். இருநூறுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பாண்டி மேளத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார்கள். காலம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கூட்டத்தின் கைகள் ஒன்றாக மேலே எழும். பெருவனம் குட்டன் மாரார் 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மேளத்துக்குப் பிரமாணியாக இருந்தார். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த கிழக்கூட்டு அனியன் மாரார், அதற்கு முன் எதிர்ப்பக்கமான திருவம்பாடியின் மேளத்தை நடத்தியவர். பூரப் பிரியர்கள் அதைக் கட்சி மாறிய செய்தியைப் போலப் பேசித் தீர்த்தார்கள்.

மாலையில் தெற்கு கோபுர வாசலுக்கு முன்னால் இரு பக்கமும் பதினைந்து பதினைந்து யானைகள் எதிரெதிரே நிற்கும். குடமாற்றம் தொடங்கும். ஒரு பக்கம் சிவப்புப் பட்டுக்குடை விரித்தால் மறுபக்கம் பச்சையில் பதில் வரும். பிறகு அடுக்குக் குடை, தெய்வ உருவம் வைத்த குடை, மின்விளக்குக் குடை. என்னென்ன குடை வரும் என்பது அந்த நிமிடம் வரை ரகசியம். மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார்கள். 2023இல் திருவம்பாடிப் பக்கத்திலிருந்து கால்பந்து வீரர் மெஸ்ஸியின் உருவமே யானை மேல் எழுந்தருளியது. மறுநாள் பகல் பூரம் முடிந்ததும் இரண்டு பகவதிகளின் யானைகளும் நேருக்கு நேர் நின்று தும்பிக்கை உயர்த்தி விடைபெறும். இதற்கு உபசாரம் சொல்லிப் பிரிதல் என்று பெயர்.

கோயில் விழாவோடு இந்த வழக்கம் நின்றுவிடவில்லை. பட்டாம்பி நேர்ச்சை என்னும் முஸ்லிம் விழாவுக்கும் பல பகுதிகளிலிருந்து யானைகளோடு தனித்தனி ஊர்வலங்கள் வரும். மத்திய கேரளத் தேவாலயங்களின் பெருநாளில் முத்துக்குடையும் செண்டையும் இல்லாமல் பிரதட்சிணம் நகராது.

இந்த வைராக்கியம் எல்லை மீறிய நாளும் உண்டு. 2016 ஏப்ரல் 10 அதிகாலை, கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே நடந்துகொண்டிருந்தது இரண்டு வெடிக்காரர் அணிகளுக்கு இடையிலான கம்பக்கெட்டு, அதாவது வாணவேடிக்கைப் போட்டி. அதற்கு நிர்வாகத்தின் அனுமதி இருக்கவில்லை. அதன் பிறகு கேரளம் முழுவதும் வெடிக்கெட்டுக்கான விதிகளும் தூரக் கணக்கும் இறுகின.

இப்போது பேச்சு யானையைப் பற்றியது. உச்சி வெயிலில், வெடிச் சத்தத்தில், சங்கிலியோடு மணிக்கணக்காக நிறுத்துவது சரியா என்று விலங்கு நல அமைப்புகள் கேட்கின்றன. திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023இல் இயந்திர யானை ஒன்று நடைக்கு வந்தது. 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், எழுந்தருளலில் இரண்டு யானைகளுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. அப்படி விட்டால் பதினைந்து யானைகளை ஒரே வரிசையில் நிறுத்த இடம் போதாது, குடமாற்றமே நடக்காது என்று பூரக்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது; அந்த டிசம்பரில் இடைக்காலத் தடையும் கிடைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எதிரெதிரே நின்று குடை விரித்த பாறமேக்காவு தேவஸ்வமும் திருவம்பாடி தேவஸ்வமும் அந்த வழக்கில் ஒரே பக்கம் நின்றன.