மொன்றியல் டவுன்டவுன்: மேடில்லாத ஊரும் தீராத உரிமைக் கேள்வியும்

கனடாவின் மொன்றியல் நகர டவுன்டவுனில், மெக்கில் பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரே 1860 ஆம் ஆண்டில் கட்டிட வேலைக்காக மண் தோண்டிய தொழிலாளர்கள் மனித எலும்புகளையும் பானையோடுகளையும் கண்டனர். அப்போது பல்கலைக்கழக முதல்வராக இருந்த நிலவியல் அறிஞர் ஜான் வில்லியம் டாசன், அது ஹொஷெலாகா என்று கருதினார்.

பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியே 1535 அக்டோபரில் சென்று கண்ட ஊர் ஹொஷெலாகா. மூன்று அடுக்கு மரவேலி, ஒரே வாயில், ஏறத்தாழ ஐம்பது நீண்ட வீடுகள், சுற்றிலும் சோள வயல்கள் என அவரது பயணக் குறிப்பு அதனை வர்ணிக்கிறது. ஆனால் 1603 இல் சாம்பிளேன் அப்பகுதிக்கு வந்தபோது அந்த ஊர் அங்கு இருக்கவில்லை.

எகிப்தில் இத்தகைய தேடல் ஒப்பீட்டளவில் எளிது. நைல் கழிமுகத்தின் தொல் குடியிருப்புகளில் சுடாத மண் செங்கல் வீடுகள் இடிந்த இடத்திலேயே அடுத்த தலைமுறையினர் வீடு கட்டினர். அவ்வாறு உயர்ந்த தெல் எல் ஃபர்க்கா போன்ற மேடுகள் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தமிழகத்தின் கீழடியிலும் ஆய்வாளர்களுக்கு ஒரு திடல் இருந்தது.

இரோகுவா மொழி பேசிய மக்களோ கம்பும் மரப்பட்டையும் கொண்டு வீடு கட்டினர். மண்ணின் வளமும் விறகும் குறையும்போது, ஓரிரு தசாப்தங்களில் ஊரையே வேறிடத்துக்கு மாற்றினர். எனவே மேடு எதுவும் எழவில்லை. கம்பு உக்கிப்போன குழியில் எஞ்சும் கரிய மண் வட்டமே வீட்டின் சாட்சி. அந்த வட்டங்களை வரிசையாகக் குறித்தால்தான் வீட்டின் நீளமும் ஊரின் பரப்பும் தெரியவரும். 1860 இல் அம்முறை வளர்ந்திருக்கவில்லை. பொருட்கள் சேகரிக்கப்பட்டன, நிலமோ அஸ்திவாரங்களுக்காக வெட்டப்பட்டது. இழப்புகளில் பெரியது இதுவே எனலாம்.

ஜேம்ஸ் பென்டர்காஸ்ட், புரூஸ் டிரிகர் ஆகியோர் 1972 இல் வெளியிட்ட நூல், டாசன் கண்ட இடம் ஹொஷெலாகாதான் என்று நிறுவ முடியாது என்றது. ஊர்கள் இடம்பெயர்ந்தமையால், அதே மலைச்சரிவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருந்திருக்கலாம்.

இது வெறும் வரலாற்று ஆர்வம் அல்ல. ஹொஷெலாகா மக்கள் தமது முன்னோர் என்பது மோஹாக் மக்களின் நிலைப்பாடு. மோஹாக்குகள் பின்னர் தெற்கிலிருந்து வந்தவர்கள் என்ற வாதம், அவர்களது நில உரிமைக் கோரிக்கையை மறுப்பவர்களுக்கு வசதியாக உள்ளது. ஹூரோன்-வென்டாட் மக்களும் அதே முன்னோருக்கு உரிமை கோருகின்றனர். போர், நோய், இடப்பெயர்வு ஆகியவற்றால் சிதறிய மக்கள் பல இனங்களுடன் கலந்தனர் என்ற கருத்து இன்று ஆய்வாளர்களிடையே வலுவாக உள்ளது. அப்படியானால் வாரிசு ஒருவர் மட்டுமே என்று எதிர்பார்க்கும் கேள்வியே பிழையானது. பானையோட்டின் கோலத்தைக் கொண்டு நிலப்பத்திரம் எழுதவும் இயலாது. 'கனடா' என்ற நாட்டின் பெயரே, கார்ட்டியே செவிமடுத்த இம்மக்கள் மொழியில் 'ஊர்' என்ற பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாகும்.

மொன்றியல் மாநகரம் 2017 இல் தனது கொடியில் பூர்வகுடிகளைக் குறிக்கும் வெண்பைன் மரத்தைச் சேர்த்தது. அதே ஆண்டில் மொன்றியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் மவுண்ட் ரோயல் மலையைச் சூழ்ந்த பகுதிகளில் ஹொஷெலாகாவைத் தேடத் தொடங்கினர். பூங்காக்கள் போன்ற கட்டிடங்கள் எழாத நிலங்களே அவர்களுக்கு எஞ்சியிருந்தன.