சாவியும் சட்டமும் – 9: கேட்டாலே குடித்தனம்

நியூயார்க் நகரின் 18-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் சென்ற இதழிலேயே போதுமான அளவு பேசப்பட்டுவிட்டது. 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்குப் பதிவெண் வேண்டும், வீட்டுக்காரர் உடன் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது என்ற மூன்றும் நினைவிருந்தால் மேலே செல்லலாம். 2023 செப்டம்பர் 5 முதல் அச்சட்டம் கண்டிப்புடன் அமலானபோது, கட்டில், மேசை முதலிய அறைகலன்களோடு வீடுகளை நாள் வாடகைக்கு விட்டுவந்தவர்கள் முன்னே இரண்டு வழிகள் தெரிந்தன. குறைந்தது 30 இரவுகள் தங்க வேண்டும் என்று விளம்பரத்தைத் திருத்திவிட்டு, ஒரு மாதம் முதல் சில மாதங்கள் வரை நீளும் ‘இடைக்கால வாடகை’க்கு மாறுவது முதல் வழி, குறுகிய காலத் தங்கலுக்கென்றே அனுமதி பெற்ற, ‘பி வகுப்பு’ எனப்படும் விடுதிக் கட்டடங்களில் தொழிலைத் தொடர்வது இரண்டாவது வழி. இரண்டிலும் பதிவெண் தொல்லை இல்லை என்பது உண்மையே. ஆனால் இரண்டுமே, வந்தவரை விருந்தினர் என்ற நிலையிலிருந்து குடித்தனக்காரர் என்ற நிலைக்கு உயர்த்தக்கூடியவை.

முதல் வழியில் வாடிக்கையாளருக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்க வெளியூர்களிலிருந்து அமர்த்தும் பயணச் செவிலியர்களின் பணி ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரங்களுக்கானது என்பதால், அவர்களுக்கு விடுதி அறை கட்டுப்படியாகாது, ஓராண்டு ஒப்பந்தம் கேட்கும் வெற்று வீடும் பயன்படாது. வீடு மாற்றிக் கட்டுவோரும், சிகிச்சைக்காக வந்து தங்குவோரும் இதே தேவையில் இருப்பவர்கள்தாம். இவர்களை நம்பித் தொழில் நடத்துபவர் கவனிக்க வேண்டியது நகர நிர்வாகச் சட்டத் தொகுப்பின் 26-521-ஆம் பிரிவை. ஒரு குடியிருப்பில் சட்டப்படி தொடர்ந்து 30 நாட்கள் வசித்துவிட்டவரை, அவர் கையில் ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றுவது குற்றம் என்கிறது அப்பிரிவு. குடியிருப்பவரின் உடைமைகளை வெளியே எடுத்துப்போடுவது, வாசற்கதவையே கழற்றிவிடுவது, பூட்டை அடைத்துப் பயனற்றதாக்குவது, பூட்டை மாற்றிவிட்டுப் புதுச் சாவியைத் தராமலிருப்பது என்று வெளியேற்றும் உத்திகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுத்திருப்பதைப் பார்த்தால், சட்டம் வகுத்தோர் இவற்றையெல்லாம் வழக்குகளில் கண்டு சலித்தவர்கள் என்றே எண்ணத் தோன்றும்.

ஆக, 29 இரவுகளுக்கு வாடகைக்கு விடுபவர் பதிவுச் சட்டத்தில் சிக்குகிறார். 30 இரவுகளுக்கு விடுபவர் குடித்தனச் சட்டத்தில் சிக்குகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு நாள்கூடச் சும்மா விடப்படவில்லை. கட்டிலும் மெத்தையும் வீட்டுக்காரருடையவை என்பதால் வாடகைதாரரின் உரிமை குறைந்துவிடுவதும் இல்லை. 2019-இல் மாநிலம் இயற்றிய வாடகைச் சட்டம் இதற்கு மேலும் ஒரு முடிச்சைப் போட்டது: ஓராண்டுக்குக் குறைவான ஒப்பந்தத்தில் ஓராண்டுக்குக் குறைவாகக் குடியிருப்பவரின் குடித்தனத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றால், வீட்டுக்காரர் அதனை 30 நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 13 வாரச் செவிலியருக்கு எட்டாம் வார இறுதிக்குள் அறிவிப்பு கொடுத்தால் போதும். ஒரு மாதத்துக்கு மட்டும் வந்தவருக்கோ சாவியோடு சேர்த்தே அறிவிப்பையும் நீட்ட வேண்டியதாகிறது.

இந்த வாரம் முன்பணம் பற்றிய விதிகளுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தாலும், இரண்டாவது வழியில் கிடக்கும் ஒரு விதி அதை ஒத்திவைக்கும் அளவுக்குச் சுவையானது. நியூயார்க்கின் வாடகை நிலைப்படுத்தல் முறை, அதாவது பழைய கட்டடங்களில் ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு உயரலாம் என்பதை ஒரு வாரியமே நிர்ணயிக்கும் முறை, குடியிருப்புகளோடு நிற்காமல் விடுதிகள் சிலவற்றையும் உள்ளடக்கியது. 1969 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட விடுதியில், 1968 மே 31 அன்று வார வாடகை 88 டாலரையோ மாத வாடகை 350 டாலரையோ தாண்டாதிருந்த அறைகள் இதன் வரம்புக்குள் வரும். விடுதி என்றால் என்ன என்பதற்கும் அவ்விதித் தொகுப்பு இலக்கணம் சொல்கிறது: வாரத்துக்கு ஒருமுறையேனும் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையேனும் துவைத்த விரிப்புகள் தர வேண்டும், முகப்புக் கூடத்தில் இரவு பகலாக ஓர் ஊழியராவது இருக்க வேண்டும், அறையில் கட்டில், விளக்கு, துணி வைக்கும் இடம், நாற்காலி, கண்ணாடி ஆகியவை இருந்தாக வேண்டும். ‘அறைகலன்களுடன்’ என்று விளம்பரம் செய்வோர் பலரும் தம் மனம்போல் பொருள் கொள்ளும் ஒரு சொல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி வரை இறங்கி வரையறுத்திருக்கும் சட்டம் இது.

அந்த அறையில் தங்குபவர் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் கேட்கலாம். கேட்டால் 15 நாட்களுக்குள் உரிமையாளர் அதைத் தந்தாக வேண்டும். கேட்டவர் ஆறு மாதம் தங்கியிராவிட்டாலும் நிரந்தரக் குடித்தனக்காரராகவே கருதப்படுவார். மேலே சொன்ன 26-521-ஆம் பிரிவும், 30 நாள் தங்கியவரோடு, இவ்வாறு ஒப்பந்தம் கேட்டவரையும் ஒரே வரிசையில் வைத்துக் காக்கிறது. எட்டாம் அவென்யூவில் 43 மாடிகளுடன் 1930 முதல் நிற்கும் ‘நியூயார்க்கர்’ விடுதியில் 2018-இல் இவ்விதி சோதிக்கப்பட்டது. ஒரே ஓர் இரவுக்கு 200 டாலருக்குச் சற்று மேல் கொடுத்து அறை எடுத்த ஒருவர், இந்த விதியைக் காட்டி ஒப்பந்தம் கேட்க, விடுதி அவரை வெளியேற்ற, அவர் வீட்டுவசதி நீதிமன்றம் ஏறினார். மேல்முறையீட்டுக்குப் பின் விடுதித் தரப்பில் எவரும் முன்னிலையாகாத நிலையில், அறையை அவரிடமே ஒப்படைக்க ஆணை பிறந்தது. அவர் பின்னர் கட்டடம் முழுவதும் தமதே என்று போலிப் பத்திரம் பதிவு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2024-இல் கைதானது வேறு கதை. ஒற்றை இரவு வாடகை பல ஆண்டுக் குடித்தனமாக நீண்டதே இங்கு முக்கியம். பழைய விடுதியொன்றின் மாடியைக் குத்தகைக்கு எடுத்துத் தொழில் நடத்த நினைப்பவர் வரவேற்பறையின் அழகைப் பார்க்குமுன் 1968-ஆம் ஆண்டு வாடகைப் பதிவேட்டைப் பார்ப்பது நல்லது.

நீண்ட காலத் தங்கல் என்பது இந்த விடுதிக்குப் புதிதும் அன்று. விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லா தம் கடைசிப் பத்தாண்டுகளை இங்கேதான், 3327-ஆம் எண் அறையில் கழித்து 1943 ஜனவரியில் காலமானார். அவருடைய வாடகையை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செலுத்திவந்தது. அதற்கு முன் தங்கிய விடுதிகளில் பாக்கி வைத்துச் சென்றவர் அவர். கவர்னர் கிளிண்டன் விடுதியில் பாக்கிக்கு ஈடாக, மிக ஆபத்தான கண்டுபிடிப்பு என்று சொல்லி அவர் ஒப்படைத்த பெட்டியை, அவர் மறைவுக்குப் பின் எம்.ஐ.டி.யின் ஜான் டிரம்ப் திறந்து பார்த்தபோது, மின்தடையை அளக்க ஆய்வகங்களில் சாதாரணமாகப் பயன்படும் ஒரு கருவியே உள்ளே இருந்தது.

ஈட்டுப் பொருளின் மதிப்பைத் திறந்து பார்க்காமலே நம்பிய விடுதியின் நிலை, முன்பணம் என்ற பொருளுக்குப் பொருத்தமான முகவுரை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது ஒரு மாத வாடகையைத் தாண்டக்கூடாது. குடித்தனக்காரர் காலி செய்த 14 நாட்களுக்குள், பிடித்தம் செய்த தொகைக்கு இனவாரிக் கணக்கோடு திருப்பித் தரப்பட வேண்டும். சோஃபாவும் தொலைக்காட்சியும் சமையல் பாத்திரங்களும் நிறைந்த வீட்டை ஒரு மாத முன்பணத்தை மட்டும் நம்பி எப்படி விடுவது என்பதையும், இயல்பான தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதையும் அடுத்த வாரம் காணலாம்.