மீன் மணக்கும் மூலிகை

ஜப்பானில் வீட்டுச் சுவரோரம், மரநிழல் என ஈரம் கண்ட இடமெல்லாம் தானாக முளைக்கும் செடி டொகுடாமி. இலை குட்டி வெற்றிலை போலவே இருக்கும். உண்மையில் வெற்றிலைக்கும் மிளகுக்கும் இது தூரத்து உறவுதான். ஜூன் மழையில் பூக்கும். நான்கு வெள்ளை இதழ்கள், நடுவே மஞ்சள் கதிர். இதழாகத் தெரிபவை பூவடிச் செதில்கள். கதிர்தான் பூக்களின் கூட்டம்.

இலையைக் கசக்கினால் குப்பென்று மீன் கவிச்சி அடிக்கும். சீனர்கள் வைத்த பெயரே 'மீன்வாடைப் புல்'. காயவைத்தால் அந்த வாடை போய்விடும். பூக்கும் பருவத்தில் அறுத்து உலர்த்திய செடிக்கு ஜப்பானில் 'ஜூயாகு' என்று பெயர். பத்து மருந்து என்று பொருள். அதைத் தேநீராகக் காய்ச்சிக் குடித்தால் சிறுநீர் நன்கு பிரியும், மலச்சிக்கல் தீரும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. பச்சிலையை வாட்டிக் கட்டிகள் மேல் வைத்துக் கட்டுவார்கள். தென்மேற்குச் சீனாவில் இதன் கிழங்கு போன்ற தண்டை மிளகாய் சேர்த்துப் பச்சையாகவே தின்கிறார்கள். வியட்நாமில் இலை சாப்பாட்டுத் தட்டுக்கே வந்துவிடுகிறது.

உணவாகப் பழகிய செடிதான். ஆனாலும் இதன் சாற்றில் தயாரித்த ஊசிமருந்து கடும் ஒவ்வாமை உண்டாக்கியதால், 2006-இல் சீன அரசு அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. எந்த மூலிகையானாலும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துங்கள்.