பணம் போன போனை அழித்துவிடாதீர்கள்

கணக்கில் காசு மறைந்ததும் நம்மவர்கள் முதலில் ஓடுவது வங்கிக்கல்ல, பொலிஸுக்குமல்ல, போன் கடைக்கு. திருகோணமலை மத்திய வீதியோ, கிண்ணியாவோ, மூதூரோ, எங்கே போனாலும் நடப்பது ஒன்றுதான். “வைரஸ் ஏறியிருக்கு” என்று சொல்லி முழுப் போனையும் ரீசெட் போட்டுத் தருவார்கள். வைரஸ் போய்விடும், சாட்சியமும் சேர்ந்து போய்விடும். பிறகு வெறும் போனை நீட்டினால் பொலிஸார் எதை வைத்து விசாரிப்பது?

கள்ளன் வரும் வழி பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். கல்யாண அழைப்பிதழ், பார்சல் விபரம், வங்கியின் ‘புதிய அப்’, உடனடிக் கடன் என்று ஏதாவது ஒரு பெயரில் கோப்பு வரும். அதன் பெயர் ஏபிகே என்ற மூன்று எழுத்தில் முடியும். உண்மையான அழைப்பிதழ் படமாகத் திறக்கும். இன்ஸ்டோல் பண்ணச் சொல்லாது. அண்ட்ரொய்ட் போன் தானாகவே தடுத்து எச்சரிக்கும். நாம்தான் செட்டிங்ஸுக்குப் போய் ‘அனுமதி’ கொடுக்கிறோம். 2017இல் வந்த அண்ட்ரொய்ட் 8 முதல் இந்த அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி. வாட்ஸ்அப்புக்கு ஒருமுறை கொடுத்தால், நீங்கள் மூடும்வரை அந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

உள்ளே வந்த செயலி இரண்டைக் கேட்கும்: குறுஞ்செய்தி வாசிக்கும் அனுமதி, அக்சஸிபிலிட்டி அனுமதி. முதலாவதைக் கொடுத்தால் ஓடிபி கைமாறும். இரண்டாவதைக் கொடுத்தால் திரையைப் படித்து, பொத்தானையும் அதுவே அழுத்தும். சிங்கப்பூரில் 2023இல் மட்டும் இப்படி 1,899 பேர் முறையிட்டார்கள். இழப்பு குறைந்தது 34.1 மில்லியன் சிங்கப்பூர் டொலர்.

இன்றே செட்டிங்ஸில் ‘இன்ஸ்டோல் அன்நோன் அப்ஸ்’ என்று தேடி, வரும் பட்டியலில் எல்லாவற்றையும் மூடுங்கள். பிளே ஸ்டோர் இல்லாத ஹுவாவி வைத்திருப்பவர்கள் அதன் அப்கேலரியை விட்டு வெளியே போக வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலில் போனை பிளைட் மோடில் போடுங்கள். அழிக்க வேண்டாம்.

வேறொரு போனிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அழைத்து, அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே கிளைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். “ஓடிபியை நீங்கள்தானே கொடுத்தீர்கள்” என்பது வங்கிகளின் மனப்பாடப் பதில். நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றால் அதையும், கோப்பைத் திறந்த நேரத்தையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.

அனுப்பியவரின் இலக்கம், கோப்பின் பெயர், புதிதாக முளைத்த செயலி, வங்கிக் குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் மற்றப் போனால் படமெடுங்கள்.

அவற்றோடு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி அடுத்தவர் கருவிக்குள் நுழைவதே குற்றம். “இதெல்லாம் கொழும்பிலதான்” என்று கைவிரித்தால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். முறைப்பாட்டைப் பதிவதற்குக் கொழும்பு தேவையில்லை. வாக்குமூலம் தமிழில் இருக்கட்டும். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் ஒரு பிரதியைக் கொழும்பு 01, குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது; இலக்கம் 1935. அங்கும் தீராவிட்டால் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது வங்கிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான். தொழில்நுட்ப ஆலோசனைக்கு ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101. அவர்கள் பணத்தை மீட்டுத் தரமாட்டார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

வாக்குமூலம் பதிந்து, போன் தேவையில்லை என்று பொலிஸார் சொன்ன பிறகே ரீசெட். மறுபடியும் சொல்கிறேன்: அதற்கு முன் அழிக்காதீர்கள்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். அதே கோப்பு உங்கள் இலக்கத்திலிருந்து உறவினர்களுக்கும் போயிருக்கலாம். வெட்கப்பட்டு மறைக்காமல், வேறொரு போனிலிருந்து குடும்பக் குழுவில் உடனே சொல்லிவிடுங்கள். அனுப்பியது நீங்கள் என்று நம்பித்தான் அடுத்தவர் அதைத் திறப்பார்.